கண்ணை மூடினால் கோபம் போய்விடுமா? தியானமும் சுயபரிசோதனையும்: ஓர் எளிய விளக்கம்

"தியானம் பண்ணுங்க, மனசுல இருக்கிற நெகட்டிவ் எல்லாம் வெளியே போயிடும்." மனக்கஷ்டத்தில் இருப்பவருக்கு இன்று தாராளமாகக் கிடைக்கிற அறிவுரை இது. சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்டவரும் நம்பிக்கையோடு கண்ணை மூடி உட்காருகிறார். ஐந்து நிமிடத்தில் கோபம் போவதற்குப் பதிலாக, பாதி மறந்துபோயிருந்த பழைய கோபங்களும் வரிசைகட்டி வந்து நிற்கின்றன. "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று எழுந்துவிடுகிறார். அதோடு சரி, மறுபடி அந்தப் பக்கம் போவதில்லை.

இதில் அவர் தவறு எதுவும் இல்லை. தியானம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை யாரும் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை. தன்னைத் தானே நேர்மையாகப் பார்ப்பது, அதாவது சுயபரிசோதனை, தியானத்திலிருந்து வேறுபட்ட ஒரு வேலை என்பதையும் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் வருடக்கணக்கில் உட்கார்ந்தும் அதே மனிதர்களிடம் அதே கோபத்தைப் படுகிறார்கள். முதலில் உணர்ச்சி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது பிடிபட்டால் மற்றது தானாகப் புரியும்.

உணர்ச்சி ஒரு பொருள் கிடையாது

"எனக்குள்ள நிறையக் கோபம் தேங்கிக் கிடக்கு" என்று சொல்வது நம் வழக்கம். பேச்சுக்கு அது சரிதான். அப்படியே நம்பினால்தான் சிக்கல். உள்ளே ஏதோ ஒரு சரக்கு கிடக்கிறது, எடுத்து வெளியே போட்டால் தீர்ந்தது என்று மனம் கணக்குப் போடும். தியானத்தைப் பற்றிய முக்கால்வாசிக் குழப்பம் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

கோபமோ பயமோ பொறாமையோ, உடலிலும் மனத்திலும் நடக்கிற ஒரு நிகழ்வு. அது மூன்று கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம் உடலுடையது. மூளைக்குள் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. ஆபத்து என்று பட்டால் எச்சரிக்கை மணி அடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. மணி அடித்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தாடை இறுகுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. நாம் யோசித்து முடிப்பதற்குள் இது நடந்துவிடும். "கோபப்படக் கூடாதுன்னு நினைச்சேன், அதுக்குள்ள வந்துடுச்சு" என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

இரண்டாவது கட்டத்தில் நடந்ததற்கு நாம் ஓர் அர்த்தம் கொடுக்கிறோம். நண்பருக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டார் என்பதற்கான நீலக்குறி விழுந்துவிட்டது, பதில் வரவில்லை. 'நம்மை மதிக்கவே இல்லை' என்று எடுத்துக்கொண்டால் கோபம். 'அவருக்கு என்ன ஆச்சோ' என்று எடுத்துக்கொண்டால் கவலை. 'நாம ஏதோ தப்பா எழுதிட்டோம்' என்றால் குற்ற உணர்வு. போன் திரையில் இருப்பது இரண்டு சின்ன நீலக்கோடுகள் மட்டும்தான். ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளர் 1960களிலிருந்து வலியுறுத்தி வந்தது இதைத்தான்: நிகழ்ச்சியை நாம் எப்படி மதிப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து உணர்ச்சி மாறுகிறது.

மூன்றாவது கட்டம் அசைபோடுதல். நடந்து முடிந்ததை, புதிதாக எந்த முடிவுக்கும் வராமல், திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கு இந்தப் பெயர். 'அப்படிச் சொன்னானே', 'அப்பவே நான் இப்படிக் கேட்டிருக்கணும்', 'அடுத்த தடவை பார்த்துக்கறேன்' என்று ஓடுகிறதே, அதுதான். சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் 1991ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: மனச்சோர்வு வரும்போது அதையே அசைபோடுகிறவர்களுக்கு அந்தச் சோர்வு நீண்ட நாள் நீடிக்கிறது. பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதற்கு வலுச்சேர்த்தன.

எந்த உணர்ச்சியும் 90 விநாடியில் தானாகத் தீர்ந்துவிடும் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை அவ்வளவு துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரத்தத்தில் இருக்கும் அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பது உண்மை. கூடவே சுரக்கும் கார்ட்டிசோல் என்ற இன்னொரு அழுத்த ஹார்மோன் பாதியாகக் குறைய ஒரு மணிநேரத்துக்கும் மேல் ஆகலாம். ஆனாலும் மணிக்கணக்குதான், வருடக்கணக்கு இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய அவமானம் இன்றும் நெஞ்சைச் சுடுகிறது என்றால், அது பத்து வருடமாக உள்ளே கிடந்ததால் அல்ல. நினைக்கிற ஒவ்வொரு முறையும் அந்த மணி புதிதாக அடிக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: உடல் ஒரு மணியடிக்கிறது, மனம் அதற்கு ஓர் அர்த்தம் கொடுக்கிறது, பிறகு அசைபோட்டு மணியை மறுபடி மறுபடி அடிக்க வைக்கிறது. முதலாவதை நம்மால் தடுக்க முடியாது. அடுத்த இரண்டில் நமக்கு வேலை இருக்கிறது.

சொறியச் சொறிய வளரும் அரிப்பு

கொசு கடித்த இடத்தைச் சொறிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அரிப்பு பொய்யில்லை, தோலுக்கடியில் நிஜமாகவே ஒரு வினை நடக்கிறது. சொறிந்தால் சுகமாகவும் இருக்கிறது. அந்தச் சுகம்தான் ஏமாற்றுகிறது. சற்று நேரத்தில் அரிப்பு முன்னைவிட அதிகமாக வருகிறது, இடம் வீங்குகிறது, கடைசியில் புண்ணாகிறது. அந்தப் புண்ணில் கொசுவின் பங்கு கொஞ்சம், நம் நகத்தின் பங்கு அதிகம்.

அசைபோடுதலும் இப்படித்தான். அதில் ஒரு சுகம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்கு அநியாயம் செய்தவரை மனத்துக்குள் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும்போது, நாம் பக்கா நியாயவாதியாகத் தெரிகிறோம். எதிராளி வாயடைத்து நிற்கிறார். ஏதோ ஒரு வேலையைச் செய்து முடித்த நிறைவு கிடைக்கிறது. உண்மையில் எதுவும் நடக்கவில்லை, தாடை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கிறது.

அப்படியானால் சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிக்கொள்வதா?

அடக்கினாலும் தீராது, கொட்டினாலும் தீராது

அடக்குவதைப் பற்றி 1987ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். இப்போது அது மிகப் பிரபலம். வந்தவர்களிடம், வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று சொன்னதும், முதலில் அடக்கிவைத்தவர்கள், ஆரம்பத்திலேயே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். 'இதை நினைக்கவே கூடாது' என்று காவல் போட்டால், காவலாளி அதையேதான் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

தியானம் என்ற பெயரில் பலர் செய்வது இந்தக் காவல் வேலைதான். கோபம் வந்தால் "ச்சே, தியானத்தில் கோபமா" என்று அமுக்குகிறார்கள். முகம் சாந்தமாக இருக்கிறது, உள்ளே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

சரி, அடக்காமல் கொட்டித் தீர்த்துவிடலாமா? தலையணையைக் குத்து, தனியறையில் கத்து, பாரம் இறங்கிவிடும் என்பார்கள். 2002ல் வெளியான பிராட் புஷ்மனின் ஆய்வு இதைத்தான் சோதித்தது. மாணவர்கள் எழுதிய கட்டுரையை வேண்டுமென்றே கேவலமாக விமர்சித்துக் கோபமூட்டினார்கள். ஒரு பகுதியினர் விமர்சித்தவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முடிவில், நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா இருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

உணர்ச்சி ஒரு சரக்காக இருந்தால், கொட்டினால் குறைந்திருக்க வேண்டும். அது நிகழ்வு என்பதால், மறுபடி நடத்திக் காட்டினால் மறுபடி நடக்கிறது. அடக்குவதும் கொட்டுவதும் எதிரெதிர் வழிகளாகத் தெரிந்தாலும், இரண்டிலும் கவனம் அந்த ஒரே காட்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தியானத்தில் உண்மையில் என்ன நடக்கிறது

தியானத்தில் மந்திரம், ஒளி, உருவம் என்று பல வகை உண்டு. இந்தக் கட்டுரைக்கு எளிதான ஒன்றை எடுத்துக்கொள்வோம்: கவனத்தை மூச்சின் மேல் வைப்பது, அது நகர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் திரும்பக் கொண்டுவருவது. அவ்வளவுதான் பயிற்சி. மனம் காலியாக வேண்டும் என்பது இதில் எங்கும் இல்லை.

மனம் அலைவதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வதுதான் புதியவர்களை விரட்டுகிறது. மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010ல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் அன்றாட வேலைகளுக்கு நடுவே போன் செயலி வழியாக "இப்போது செய்கிற வேலையைத் தவிர வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். சுமார் 47 சதவீத நேரம், செய்கிற வேலையைத் தவிர வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார்கள். அலைவது மனத்தின் இயல்பு. 'அலைந்துவிட்டது' என்று தெரிகிற அந்த நொடியும், திரும்புகிற அந்த அசைவும்தான் பயிற்சி. நூறு முறை அலைந்து நூறு முறை திரும்பினால், அன்று நன்றாகவே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இனி அரிப்புக்கு வருவோம், ஏனென்றால் உட்கார்ந்த சில நிமிடங்களில் நிஜ அரிப்பே வரும். மூக்கின் நுனியிலோ காதின் பின்புறமோ. கை தானாக எழும். எழட்டும், ஆனால் உடனே சொறியாமல் ஒரு நிமிடம் அதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் சின்ன குறுகுறுப்பு. பிறகு ஊசி முனையாகக் கூர்மையாகிறது. தாங்கவே முடியாது என்று தோன்றும் ஓர் உச்சம் வருகிறது. அதற்கு மேல் ஏறாமல் ஆட்டம் காண்கிறது, கொஞ்சம் இடம் மாறுகிறது, மங்குகிறது. எப்போது போனது என்றே தெரியாமல் போய்விடுகிறது. சில நேரம் போகாது, அப்போது சொறிந்துகொள்ளலாம், குற்றமில்லை. ஆனால் 'நான் எதுவும் செய்யாமலே அது வந்து போனது' என்பதை ஒரு முறை உடம்பில் பார்த்துவிட்டால், பத்துப் புத்தகம் படித்ததற்குச் சமம்.

கோபத்துக்கும் இதே வழிதான். உட்கார்ந்திருக்கும்போது அந்த மனிதரின் முகம் வருகிறது, அவர் சொன்ன சொல் வருகிறது. கதைக்குள் நுழையாமல் கவனத்தை உடம்புக்குக் கொண்டுவாருங்கள். கீழ்த்தாடை மேல்பல்லோடு ஒட்டியிருக்கிறதா? நாக்கு மேல் அண்ணத்தில் அழுந்தியிருக்கிறதா? புருவ நடுவில் ஒரு முடிச்சு, நெஞ்சின் மேற்பகுதியில் சூடு, மடியில் இருக்கும் விரல்கள் லேசாக மடங்கியிருப்பது என்று ஒவ்வொன்றாகத் தெரியும். 'கோபம்' என்று மலையாகத் தெரிந்தது, கிட்டத்தில் பார்த்தால் ஐந்தாறு சின்னச் சின்ன உணர்வுகள். அவை ஒவ்வொன்றும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

பிறகு அதற்கு ஒரு பெயர் வையுங்கள். 'கோபம்', 'பயம்', 'பொறாமை' என்று மனத்துக்குள் ஒரே சொல். பெயரிடுதல் என்ற இந்த உத்தி மிகப் பழையது. கோபமுள்ள மனத்தைக் கோபமுள்ள மனம் என்று அறிய வேண்டும் என ஆதி பௌத்த நூல்கள் சொல்கின்றன. 20ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ இதையே மனத்தில் குறித்துக்கொள்ளும் பயிற்சியாகப் பரப்பினார். அமெரிக்காவில் 1979ல் ஜான் கபட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இந்த மரபிலிருந்து சமயக் கூறுகளை விலக்கி, சில வாரப் பயிற்சியாக நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

ஒரு சொல்லால் என்ன ஆகிவிடும் என்ற கேள்வி நியாயமானது. மாத்யூ லீபர்மன் குழுவினரின் 2007 ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகப் படங்களைக் காட்டி, மூளையின் செயல்பாட்டை ஸ்கேன் எடுத்தார்கள். முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குச் சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும், நிதானித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதியில் செயல்பாடு கூடியது. அதே முகங்களுக்கு ஆண் பெயர், பெண் பெயர் எது பொருந்தும் என்று மட்டும் தேர்ந்தெடுத்தபோது இந்த அளவு மாற்றம் தெரியவில்லை.

மூச்சுக்கும் ஒரு நேரடி வேலை உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளிவிடும்போது சற்று மெதுவாகும். வெளிமூச்சைக் கொஞ்சம் நீட்டினால் உடலை அமைதிப்படுத்தும் நரம்பு அமைப்புக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. இதற்கு மேல் மூச்சில் எந்த மாயமும் தேட வேண்டியதில்லை.

சுருக்கமாக: தியானம் உணர்ச்சியை வெளியேற்றுவதில்லை. வந்த உணர்ச்சியை அசைபோடாமல், அடக்காமல், உடம்பில் நடக்கிறபடி பார்த்துக்கொண்டிருக்க நம்மைப் பழக்குகிறது. சொறியாத அரிப்பு தன் போக்கில் அடங்குகிறது.

தியானம் செய்யாத வேலை: தன்னை நேர்மையாகப் பார்ப்பது

பலர் கோட்டை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

காலையில் தியானம் முடிந்து கோபம் அடங்கிவிட்டது. பத்து மணிக்கு அலுவலகத்தில் அதே சக ஊழியரைப் பார்க்கிறீர்கள், அதே கோபம் வருகிறது. தியானம் பலிக்கவில்லையா? பலித்தது. மூன்றாவது கட்டத்தை, அதாவது அசைபோடுதலை, அது தணித்தது. இரண்டாவது கட்டம், நீங்கள் கொடுத்த அர்த்தம், அப்படியே இருக்கிறது. அதை உட்கார்ந்து பரிசோதிக்காதவரை, அவரைப் பார்க்கும்போதெல்லாம் மணி அடிக்கத்தான் செய்யும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பார்ப்போம். நீங்கள் இரவெல்லாம் கண்விழித்துத் தயாரித்த அறிக்கையைச் சக ஊழியர் கூட்டத்தில் எடுத்துச் சொல்கிறார். மேலாளர் பாராட்டுகிறார். உங்கள் பெயரை யாரும் சொல்லவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஒரு தாள் எடுத்து, முதலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். கேமரா வைத்திருந்தால் பதிவாகியிருக்கக் கூடியது மட்டும். "அவர் பேசினார். 'நாங்க பண்ணினோம்' என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. மேலாளர் 'நல்லா வந்திருக்கு' என்றார்." இரண்டு பக்கக் கோபம் நான்கு வரியில் அடங்கிவிடுவதைப் பார்க்கலாம்.

அடுத்து, நீங்கள் அதில் சேர்த்ததை எழுதுங்கள். "வேண்டுமென்றே என் பெயரை மறைத்தார். எல்லாருக்கும் நான் இளக்காரம். இந்த அலுவலகத்தில் உழைப்புக்கு மரியாதையே இல்லை." இவை பொய் என்று சொல்ல வரவில்லை. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேமராவில் பதிவாகாதவை. முதல் நான்கு வரியையும் இந்த மூன்று வரியையும் பிரித்து வைத்துப் பார்க்கும்போதே கோபத்தின் சூட்டில் ஒரு பகுதி இறங்கும்.

மூன்றாவதாக, உங்களுக்கு அங்கே என்ன வேண்டியிருந்தது? இதற்கு விடை எழுதக் கை தயங்கும். 'நியாயம் வேண்டும்' என்று எழுதத் தோன்றும். இன்னும் கொஞ்சம் நேர்மையாகப் போனால், "மேலாளர் என்னைப் பாராட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்" என்று வரும். பாராட்டுக்கு ஏங்கினோம் என்று ஒப்புக்கொள்வது கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சம் தாங்காமல்தான் மனம் கோபத்தைப் போர்த்திக்கொள்கிறது. கோபத்தின் அடியில் இப்படி ஓர் ஏக்கமோ பயமோ காயமோ இருப்பது மிகச் சாதாரணம்.

கடைசியாக, இதில் என் பங்கு என்ன? நினைவைக் கிளறும்போது, கூட்டத்துக்கு முன் அவர் "நீங்க பேசறீங்களா?" என்று கேட்டதும், "பரவாயில்லை, நீங்களே சொல்லிடுங்க" என்று நீங்கள் சொன்னதும் வந்து நிற்கிறது. இரவு முழுக்க ஓடிய காட்சியில் இந்த ஒரு வரி மட்டும் வரவே இல்லை! அசைபோடும்போது நமக்குச் சாதகமான துண்டுகளை மட்டுமே மனம் திரும்ப ஓட்டும். எழுதினால்தான் விடுபட்டது தெரியும். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. உங்கள் பெயரை அவர் சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்க வேண்டும். ஆனால் 'என்னை ஒழிக்கப் பார்க்கிறார்' என்ற அர்த்தம் இனி அவ்வளவு உறுதியாக நிற்காது. மறுநாள் அவரிடம் "அடுத்த தடவை என் பேரையும் சொல்லிடுங்க" என்று சாதாரணக் குரலில் சொல்ல முடியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சில நிகழ்ச்சிகளில் உங்கள் பங்கு எதுவுமே இருக்காது. குழந்தைப் பருவத்தில் அடி வாங்கியவர், வன்முறைக்கு ஆளானவர், ஏமாற்றப்பட்டவர், 'என் தவறு என்ன' என்று தேடித் தேடித் தன்னையே தண்டித்துக்கொள்வது நேர்மை ஆகாது. "இதில் என் பங்கு எதுவும் இல்லை" என்று எழுதுவதுதான் அங்கே நேர்மை. பலருக்கு அதை எழுதுவதுதான் கடினமாகவும் இருக்கும்.

தன்னைப் பார்ப்பதும் தன்னைத் திட்டுவதும்

சுயபரிசோதனை என்றதும் நம்மில் பலருக்குத் தன்னைத் தானே திட்டிக்கொள்வதுதான் நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோட்டை உளவியல் தெளிவாகவே போடுகிறது. 'நான் செய்தது தவறு' என்பது குற்ற உணர்வு. 'நானே தவறான ஆள்' என்பது தன்னையே இழிவாகப் பார்க்கும் அவமான உணர்வு. முதலாவது ஒரு செயலைப் பற்றியது. அதனால் மன்னிப்பு கேட்கலாம், சரிசெய்யலாம். இரண்டாவதில் சரிசெய்ய எதுவும் மிஞ்சுவதில்லை, ஒளிந்துகொள்ளவோ அடுத்தவர் மேல் பாயவோதான் தோன்றும். தாளில் 'நான் எப்பவுமே இப்படித்தான்', 'எனக்கு அறிவே இல்லை' என்ற வாக்கியங்கள் வர ஆரம்பித்தால், பரிசோதனை நின்று திட்டு தொடங்கிவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சற்று நேரம் மூச்சுக்குத் திரும்பலாம்.

'ஏன்' என்ற கேள்வியையும் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். 'ஏன் எனக்கு மட்டும் இப்படி நடக்குது?' என்ற கேள்விக்கு விடை கிடையாது, அது அசைபோடுதலின் வாசல். 'என்ன நடந்தது, எனக்கு என்ன வேண்டியிருந்தது, இப்போது என்ன செய்யலாம்' என்று கேட்டால் விடை கிடைக்கும், எழுதி முடிக்கலாம், எழுந்து போகலாம்.

சொந்தக் கதையில் சிக்கிக்கொண்டால் ஈத்தன் கிராஸ் போன்ற உளவியலாளர்கள் ஆய்ந்து சொன்ன ஒரு வழி உண்டு: உங்களையே வேறொருவராகப் பாவித்து, உங்கள் பெயரைச் சொல்லி யோசிப்பது. 'நான் என்ன செய்வேன்' என்பதற்குப் பதில், 'இவர் இப்போது என்ன செய்யலாம்' என்று. கேட்க விசித்திரமாக இருக்கும். நண்பருக்கு ஆலோசனை சொல்லும்போது நமக்குள் வரும் நிதானம் இதிலும் வருகிறது.

எழுதுவதை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1986ல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் தங்கள் வாழ்வின் வேதனையான அனுபவத்தைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. எழுதிய அன்று கனமாக இருந்தால் பயப்பட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எது முதலில்?

தியானம் முதலில், தாள் பிறகு. மணி அடித்துக்கொண்டிருக்கும்போது எழுதினால் குற்றப்பத்திரிகைதான் வரும். மூச்சில் பத்து நிமிடம் இருந்து, தாடை தளர்ந்த பிறகு எழுதினால் 'என் பங்கு' என்ற கேள்வியைத் தாங்க முடியும். அந்த அமைதி இல்லாமல் தன் குறையைப் பார்க்கும் துணிவு வருவதில்லை.

அமைதியோடு நிறுத்திக்கொண்டாலும் பாதிதான். இது தமிழில் புதிதும் இல்லை. வேதாத்திரி மகரிஷி (1911–2006) தியானத்தோடு 'அகத்தாய்வு' என்பதைத் தனிப் பயிற்சியாகவே வைத்தார். எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது என்று அதற்குள் பிரிவுகளும் உண்டு. கண்ணை மூடி உட்கார்ந்தால் மட்டும் குணம் மாறிவிடாது என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது.

தினமும் எழுத வேண்டும் என்று இல்லை. அன்றாடம் சற்று நேரம் உட்காருங்கள். ஒரே உணர்ச்சி, ஒரே மனிதர், மறுபடி மறுபடி வருவது தெரிந்தால் அன்று தாளை எடுங்கள். ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்ற வேகமும் வேண்டாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம், எப்போது நிறுத்த வேண்டும்

2014ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 47 சோதனைகள், 3,515 பேர். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைக் கவனத் தியானப் பயிற்சிகள் ஓரளவு குறைக்கின்றன என்பதற்கு மிதமான சான்று இருப்பதாக அது சொன்னது. மருந்து, உடற்பயிற்சி போன்ற மற்ற சிகிச்சைகளைவிட இது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா நோய்க்கும் தியானமே மருந்து என்று யாராவது சொன்னால், எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தச் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடுமையான அதிர்ச்சியை அனுபவித்தவர்களுக்குக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது சில நேரம் நிலைமையை மோசமாக்கும். பழைய காட்சி இப்போது நடப்பதுபோல் வந்தாலோ, உடம்பே நம்முடையதில்லை என்பதுபோல் தோன்றினாலோ, உட்கார்ந்து தாங்கிக்கொள்ள முயல வேண்டாம். கண்ணைத் திறந்து, அறையில் இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள், பாதம் தரையில் பதிவதை உணருங்கள், எழுந்து நடங்கள். அதன் பிறகு தனியாகத் தொடராமல், அதிர்ச்சிக்குச் சிகிச்சை அளிக்கத் தெரிந்த மனநல ஆலோசகர் ஒருவரின் துணையோடு தொடங்குவது பாதுகாப்பு.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே இருந்தால், தூக்கமும் பசியும் மாறிப்போயிருந்தால், எதிலும் நாட்டமே இல்லை என்றால், மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றே, அந்த நேரமே, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். தியானத்தை உடம்பும் மனமும் தேறிய பிறகு தொடரலாம்.